கண் மூடிய பாம்பு

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. உன் முதுகுவலி எப்படி? மாப்பிள்ளை சௌக்கியமா?

போனில் பேசினால் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம் என்பதால், நீ சொன்னபடியே கடிதம். எழுதும்போதாவது முழுசாகத் திட்ட முடிகிறது.

நீ அனுப்பிய பலகைகள் உடையாமல் வந்து சேர்ந்தன. ஒன்று சதுரங்கம், ஒன்று லூடோ. கையால் வரைந்த பழைய ஆட்டப் பலகைக்கு இப்போது இருக்கிற கிராக்கியைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஆடுவதற்கு ஒருத்தரும் வாங்குவதில்லை. சோபாவுக்கு மேலே சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள். நிறம் மங்கியிருக்க வேண்டும், காய் நகர்ந்த இடம் தேய்ந்திருக்க வேண்டும், மூலையை எந்தக் குழந்தையாவது கடித்து வைத்திருந்தால் இன்னும் விசேஷம். புதுசை இனாமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள்.

கறுப்புக்கண்ணாடி அம்மா ஒருத்தி வருகிறாள். பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு அலங்காரம் செய்கிறவள். கடைக்குள் வந்தாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை, எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிவதே இல்லை. ஹோட்டல் மாடிப்படி நெடுகப் பலகை மாட்ட வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் நான் ஓர் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன இடத்தில் கிடைத்தது, இவ்வளவு பழசு என்று. என் கையெழுத்துதான் உத்தரவாதம். அது ஒருமுறை பொய் என்று ஆனால் நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் கேட்கிறேன், இவை எந்த வீட்டில் கிடைத்தன?

இன்னொன்று. லூடோ பலகையின் பின்பக்கம் ஓரத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பள்ளம் இருந்திருக்கிறது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருக்கிறார்கள். கதவுக்குக் கீல் வைக்கிற இடம் மாதிரி தெரிகிறது. ஆட்டப் பலகைக்கு எதற்குக் கீல்? சும்மா கேட்டேன்.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

அண்ணன்


ஜனவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. முதுகு பரவாயில்லை. குனிந்தால்தான் வலிக்கிறது, அதனால் வீட்டில் குனிகிற வேலையெல்லாம் உன் மாப்பிள்ளைக்கு. அவர் பட்டறையிலிருந்து வார்னிஷ் வாசனையோடு வருகிறார், வார்னிஷ் வாசனையோடு தூங்குகிறார், மற்றபடி சௌக்கியம். அம்மாவின் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு. நீ கொடுக்க மாட்டாய், அவளையே கொடுத்துக்கொள்ளச் சொல்.

நீ சும்மா கேட்ட கேள்வி எதையும் என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு பழைய கிளப்பை மூடினார்கள். மேஜை, நாற்காலி எல்லாம் பாலீஷ் போட உன் மாப்பிள்ளையிடம் வந்தது. அதோடு வந்தவைதான் பலகைகள். கீல் என்ன கீல்? மடக்கி வைக்கிற பலகையாக இருந்திருக்கும், ஒரு பாதி தொலைந்திருக்கும். போலீஸ்காரனாகப் போக வேண்டியவன் தவறிப்போய்க் கடை வைத்துவிட்டாய்.

இன்னும் கிடைக்கும் போலிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா, அதைச் சொல்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வயிற்றெரிச்சல் போனதா? நகம் கடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டாயா, இன்னும் இருக்கிறதா? மறக்காமல் எழுது.

வாலு


பிப்ரவரி 15

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். என் வயிறு எரியத்தான் செய்கிறது, இப்போது அதற்குக் காரணம் சாப்பாடு இல்லை.

லூடோ பலகை மடக்குப் பலகையின் பாதி என்கிறாய். அதில் நான்கு வீடும் முழுசாக இருக்கின்றன, நடுக்கட்டம் நடுவில்தான் இருக்கிறது. தொலைந்த பாதியில் என்ன இருந்தது, சமையலறையா?

சதுரங்கப் பலகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழைய பலகையில் மரமும் பெயிண்டும் சேர்ந்து வெடிக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் பெயிண்ட் உடைந்து நிற்கும், உள்ளே மரம் தெரியும். இதில் பெயிண்ட் விரிசலுக்குள்ளே இறங்கியிருக்கிறது. அதாவது மரம் எப்போதோ வெடித்துவிட்டது, அதற்கப்புறம் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். மரம் பழசு, படம் புதுசு. காய் தேய்த்த இடமும் அப்படித்தான். சதுரங்கத்தில் யாரும் தொடாத மூலைக் கட்டமும் நடுக்கட்டமும் ஒரே அளவாகத் தேயுமா? யாரோ உப்புத்தாளை வைத்துச் சீராக இழுத்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவிடம் இரண்டும் பழசு என்று நான் வாயால் சொல்லிவிட்டேன். அட்டை இன்னும் எழுதவில்லை. கிளப்பின் பெயர் என்ன? எந்தத் தெரு? யார் மூடியது?

நேராகவே கேட்டுவிடுகிறேன். இதில் மாப்பிள்ளையின் கை இருக்கிறதா? பழைய கதவும் அலமாரியும் அவர் பட்டறையில்தானே குவிந்து கிடக்கின்றன? நாலு காசு பார்க்க ஆசைப்பட்டார் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். மச்சான் கடையையே சுவராக வைத்துக் கன்னம் வைக்க வேண்டாம்.

அப்புறம், நகத்தைப் பற்றித் திடீரென்று என்ன விசாரணை? தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? உனக்கு எப்படி அந்த ஞாபகம் வந்தது? நீ அப்போது கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேலே.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். எந்த அர்த்தத்தில் விசாரித்தேன் என்பதையும் சொல்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபத்தில் பதில் எழுதினால் கிழித்துத்தான் போட வேண்டும் என்று காத்திருந்தேன். அம்மா எப்படி இருக்கிறாள்?

உன் மாப்பிள்ளைக்கு ஸ்கேல் வைத்தாலும் நேர்க்கோடு வராது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பூ வரைந்து கொடுத்தார், நான் தவளை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்த மனுஷன் சதுரங்கம் வரைந்தாராம், உன்னை ஏமாற்றினாராம். இனிமேல் அவரை ஒரு வார்த்தை சொன்னாலும் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பலகைகள் ஒரு பெரியவர் வீட்டிலிருந்து வந்தவை. வயதானவர், தனி ஆள். கிளப்பில் இருந்ததை அவர் வாங்கி வைத்திருந்தாரோ என்னவோ, எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பெயர் சொன்னால் உடனே ரயில் ஏறி வந்து அவர் வீட்டுப் பரணையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாய். அதனால் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பலகை அனுப்புகிறேன், பாம்பு ஏணி. இதை அனுப்புவதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பிரித்ததும் கடையில் மாட்டிவிடாதே, அந்தக் கண்ணாடி அம்மாவுக்கும் காட்டாதே. முதலில் நீ பார். தனியாக, நிதானமாகப் பார்.

அம்மாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

வாலு


ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் தொழில் நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன், மிக நன்றாகவே நடக்கும் என்று இங்கே சிலர் சந்தேகப்படுகிறார்கள்.

சுற்றி வளைக்கவில்லை. முதலில் கிளப் என்றாள். அப்புறம் பெரியவர் வீடு என்றாள். அடுத்த கடிதத்தில் கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்கியது என்பாள். என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் சர்க்கரை திருடினால் வாயைத் துடைக்காமல் வந்து நிற்பாள். அவளைப் பொய் சொல்ல வைக்கிற ஆள் யார்? நீங்களா? அந்தப் பெரியவர் யார்? உங்கள் பட்டறையில் வேலை செய்கிறவரா?

உடனே பதில் போடவும். உடல் நலத்தைப் பேணவும்.

மைத்துனன்


ஏப்ரல் 14

மச்சானுக்கு வணக்கம்,

நாங்கள் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

பட்டறையில் கிடந்த கதவுகளைக் கொடுத்தது நான்தான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று உங்கள் தங்கை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அவளுக்கு ஏற்கெனவே முதுகுவலி. தலையும் போக வேண்டாம். அவளையே கேளுங்கள்.

பூ வரைந்த கதையை உங்களுக்கும் எழுதிவிட்டாளாம். அது தவளை இல்லை.

மாப்பிள்ளை


ஏப்ரல் 27

வாலு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள்.

பலகையைத் தனியாகப் பார்க்கச் சொன்னாய். பார்சல் வந்த நேரம் கண்ணாடி அம்மா கடையில் நின்றுகொண்டிருந்தாள், அவளே கயிற்றை அறுத்தாள். பார்த்ததும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். அவளுக்குக் கண் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறுதியானது. "இதுதாங்க வேணும். வரவேற்பு மேஜைக்கு மேல இதைத்தான் மாட்டணும். மத்தது எல்லாம் இதுக்குத் துணை" என்றாள். இரண்டு நாள் பொறுங்கள் என்று அனுப்பிவிட்டுப் பலகையை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, வாலு ஒரு பாம்பு ஏணி அனுப்பியிருக்கா" என்றேன். அம்மா சமையலறையில் இருந்தாள், தலை தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"ஏணி உச்சியில ஒரு பாம்பு இருக்கா? கண்ணை மூடியிருக்கா பாரு."

பார்த்தேன். மூடியிருந்தது.

செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், சொல்லக் கூச்சமில்லை. உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற வயது. நமக்கு அந்த ஆள் வரைந்து கொடுத்த பலகையில் ஒரு தப்பு இருந்தது. பெரிய ஏணியின் உச்சி எந்தக் கட்டத்தில் போய் முடிகிறதோ, அதே கட்டத்தில் ஒரு பாம்பின் தலையையும் போட்டுவிட்டான். அவ்வளவு உயரம் ஏறுகிறவன் ஏறிய வேகத்தில் கடிபட்டுக் கீழே வர வேண்டும். நான் ஏறினேன், விழுந்தேன், அழுது தெருவையே கூட்டினேன். அழித்து வரைய அந்த ஆளுக்குப் பொறுமை ஏது? சின்ன பிரஷை எடுத்துப் பாம்பின் கண்ணை மூடிவிட்டான். "தூங்குதுடா பெரியவனே. சத்தம் போடாம தாண்டிப் போ" என்றான். அன்றிலிருந்து அந்தக் கட்டத்துக்கு யார் காய் வந்தாலும் ஒருத்தரும் பேசக் கூடாது. மூச்சுகூட மெதுவாக விட வேண்டும். அதுதான் நம் வீட்டு விதி.

அந்தப் பலகை நம் வீட்டைத் தாண்டி வெளியே போனதே இல்லை. வெளியூரில் போர்டு எழுதப் போகிறேன் என்று கிளம்பின ஆள் திரும்பாமல் போன அடுத்த வருஷம், அம்மா அதை அடுப்பில் வைத்தாள். எரிவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்து வரைய உலகத்தில் யாருமில்லை. கண்ணை மூடியவன் ஒருத்தனைத் தவிர.

யார் வரைந்தது? எனக்கு ஒரே ஒரு பதில் போதும். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவளும் இதில் கூட்டா? என் வீட்டுக்குள்ளேயே எல்லாரும் சேர்ந்துகொண்டு என்னை முட்டாளாக்குகிறீர்களா?

அண்ணன்


ஜூன் 2

வாலு,

இங்கே சுகம். ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன் பதிலைக் காணோம். பதில் போடாததும் ஒரு பதில்தான், புரிந்துகொண்டேன்.

கண்ணாடி அம்மாவைக் கூப்பிட்டு, மூன்றும் புதுசு, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அப்போ இதுக்கு முன்னாடி நான் வாங்கினது எல்லாம்?" என்றாள். அதெல்லாம் சத்தியமாகப் பழசு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் முன்பு வாங்கின பலகைகளும் வண்டியில் திரும்பி வந்தன. அவை நிஜமாகவே பழசு, வாலு. ஒவ்வொன்றையும் நான் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கினது.

ஹோட்டல் வேலை போனது. தெருவில் மற்றக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்து இப்போது ரொம்ப அன்பாகச் சிரிக்கிறார்கள்.

மருந்து நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. உன் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறது?

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது, இதைக் கிழிக்க மாட்டேன்.

அப்பாதான் வரைந்தார்.

போன வருஷம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிற கடையில் பார்த்தேன். முகம் அடையாளம் தெரியவில்லை, தெரியும் அளவுக்கு எனக்கு அவர் முகம் ஞாபகம் இருந்ததில்லை. வண்டியில் அவர் எழுதிக்கொண்டிருந்த எட்டைத்தான் பார்த்தேன். நம் வீட்டுக் கதவில் இருந்ததே, மேல் வட்டம் சின்னதாய், கொஞ்சம் சாய்ந்து, விழப்போகிற மாதிரி, அதே எட்டு. பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீ அம்மா ஜாடை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்ட வேண்டும் என்றுதான் போனேன், அண்ணா.

ஏன் போனீர்கள் என்று கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். பிரஷைக் கழுவிக்கொண்டே இருப்பார், அது சுத்தமான பிறகும் கழுவுவார். நான் அவரை மன்னித்தேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஆனால் இருமிக்கொண்டு கடைத் திண்ணையில் படுத்திருக்கிற ஆளை அப்படியே விட்டுவிட்டு வர முடியவில்லை. உன் மாப்பிள்ளைதான் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தார். சும்மா சாப்பிட மாட்டேன் என்றார் அப்பா. பழைய கதவில் பலகை வரைந்தார். அதைத் தேயிலைத் தண்ணீர் தடவிப் பழசாக்கினது நான். உப்புத்தாள் இழுத்ததும் நான்தான். ஒரே அளவாகத்தான் இழுத்தேன், நான் என்ன கண்டேன்?

உன் கடைக்கு ஏன் அனுப்பினேன் என்றால், உன் கையால் அவருக்கு ஒரு வாய்ச் சோறு போகட்டும் என்றுதான். தெரிந்தால் நீ கொடுக்க மாட்டாய். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு, பிரேம் கடையில் கண்ணாடி வெட்டி வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்டவன் நீ. உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எந்தக் கடைக்குப் போகிறது என்று அவரிடமும் நான் சொல்லவில்லை. பார்சலில் உன் விலாசம் எழுதும்போது பின்னால் வந்து பார்த்துவிட்டார். அதற்கடுத்து வரைந்ததுதான் பாம்பு ஏணி. கண்ணைத் திறந்து வரையுங்கள், அண்ணன் கண்டுபிடித்துவிடும் என்று கெஞ்சினேன். "பெரியவனுக்குத் தெரியட்டும்" என்றார். நகம் கடிக்கிறானா என்று கேட்டதும் அவர்தான். உன்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

அம்மாவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உன் மேல் சத்தியம். உனக்கு நிஜமாகவே தெரியாதா? பொம்மைக்கடையோ, யார் வீடோ, எங்கே பாம்பு ஏணியைப் பார்த்தாலும் அம்மா குனிந்து ஏணி உச்சியைத்தான் பார்ப்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறாள். நீ எப்போதும் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் கவனிக்கவில்லை.

உன் கடைக்கு நான் செய்தது துரோகம். திட்டு. ஆனால் எழுது.

வாலு


ஜூலை 30

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா சுகம். எனக்கும் ஒன்றுமில்லை. உன் முதுகுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று எழுதவே இல்லை.

இந்தக் கடிதத்தில் திட்டு இல்லை, எதிர்பார்க்காதே. எழுதி எழுதி அலுத்துவிட்டது.

அந்தப் பாம்பு ஏணியைப் பரணில் போடலாம் என்று எடுக்கப் போனேன், காணோம். அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் கடைக்குக் கிளம்பியதும் எடுத்துத் துடைக்கிறாள். சாவி மறந்து திரும்பி வந்த அன்று பார்த்தேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, யார் வரைந்தது என்றுகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தலைவலி என்று கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தால், என்னை எப்படியாவது வெளியே அனுப்பப் பார்க்கிறாள்.

அதற்காகச் சொல்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. அந்த ஆள் வரைந்தால் வாங்கிக்கொள்கிறேன். புது மரத்தில் வரைய வேண்டும். தேயிலைத் தண்ணீர் கூடாது, உப்புத்தாள் கூடாது. பின்பக்கம் தேதியையும் தன் பெயரையும் தன் கையால் எழுத வேண்டும். கடையில் புதுசு என்று அட்டை போட்டுத்தான் வைப்பேன். விற்றால் விற்கும். எனக்குப் படச்சட்டம் செய்து தருகிற தச்சன் மாதிரி அவரும் ஒரு சரக்குக்காரர். உறவு கொண்டாட வேண்டாம் என்று சொல். முதலில் பாம்பு ஏணி ஒன்று வரட்டும்.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கதவுகளுக்காக இல்லை, தவளைக்காக.

அண்ணன்


செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் எல்லாருக்கும் சுகம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. அம்மாவை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தவளையைக் கேட்டு உன் மாப்பிள்ளை முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பலகை அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடி புது மரம். தேதியை ஒரே மூச்சில் எழுதிவிட்டார். பெயர் எழுத வந்தபோதுதான் நின்றுவிட்டார். தன் பெயரை எழுதி ரொம்ப காலமாகிவிட்டது போலிருக்கிறது. பிரஷை வைத்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினார்.

ஏணி உச்சியைப் பார், இந்தத் தடவை பாம்பு விழித்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "புது மரம், பேரு, தேதின்னு அவன் கேட்டது சரிதான். ஏறி வந்தவன் கடி வாங்கித்தான் ஆகணும். அதுதான் ஆட்டம். இனிமே அவன்கிட்ட நான் எதையும் மூடி மறைக்கக் கூடாது" என்றார். சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுது.

நீ நகம் கடிக்கிறாயா இல்லையா என்று இன்னும் பதில் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வாலு


செப்டம்பர் 24

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அவள் முழங்கால் இப்போது தேவலை. உன் ஒத்தடம்தான் கேட்டது.

பலகை வந்தது. முன்னும் பின்னும் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். மரம் புதுசு, பெயிண்ட் புதுசு, தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்த பலகைகளில், சந்தேகப்பட ஒன்றுமே இல்லாத முதல் பலகை இதுதான்.

அம்மாவிடம் கொடுத்தேன். இனிமேல் எதற்கு ஒளிவுமறைவு என்று, யார் வரைந்தது என்பதையும் சொன்னேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பலகையை மடியில் வைத்து, ஏணி உச்சியைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது அவர் போட்டது இல்லடா."

"பின்னாடி பேர் இருக்கேம்மா."

"பேரை யார் வேணும்னாலும் எழுதலாம். கண்ணு தெறந்திருக்கு பாரு. எவனோ உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

தேதியில் இருந்த எட்டைக் காட்டினேன். கையெழுத்தைக் காட்டினேன். உன் கடிதத்தையே எடுத்துப் படித்துக் காட்டினேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து மற்றதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இது அவர் கை. அது போலி. இதுகூடத் தெரியாம நீ எல்லாம் என்ன கடை வெச்சிருக்க?" என்றாள். இத்தனை வருஷம் ஊரில் உள்ள போலியையெல்லாம் பிடித்தவன் நான். என் வீட்டில் அசலை அசல் என்று நிரூபிக்க முடியவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த ஆள் போனபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அதனால் பலகையைத் திருப்பி அனுப்புகிறேன். கண் தப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பாம்பு தூங்கும். மூடிச் சரிசெய்ய வேண்டும். ஆனால் மூடிவிட்டுத் தபாலில் போட வேண்டாம், அம்மா நம்ப மாட்டாள், நானே மூடிவிட்டேன் என்பாள். அவள் கண் முன்னால் மூடினால்தான் உண்டு. பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு அவரையே வரச் சொல். அந்தச் சின்ன பிரஷையும் மறக்காமல் கொண்டு வரட்டும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம், இருமல் அதிகமாகும். கூட நீயும் வா. முதுகுக்குத் தலையணை எடுத்துக்கொள்.

என் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடு. ஏன் போனீர்கள் என்று நான் கேட்பேன் என்று பயந்தால், அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு யார் வந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. விதி எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்.

நகம் கடிக்கிறேன். இந்தக் கடிதம் எழுதும்போதும் கடித்தேன்.

அண்ணன்